முன்னால் வெட்டிக்கொண்டு போனது

ராக்காயி தனக்கு ஒதுக்கிய ரப்பர் நிரையின் முதல் மரத்தடிக்கு வந்தபோது, யாரோ அதில் ஏற்கெனவே பால் வெட்டியிருந்தார்கள்.

பட்டையில் சாய்வாக இழுத்த கோடு ஈரமாக மின்னியது. பால் அதன் வழியே இறங்கி, கீழே கட்டியிருந்த மங்குக் கிண்ணத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. பேர் கூப்பிடும் காலைப் பெரட்டு முடிந்து ஆட்கள் இப்போதுதான் கலைந்திருந்தார்கள். அவளுக்கு முன்னால் இந்தப் பக்கம் யாரும் வந்திருக்க முடியாது. சுங்கை சிப்புட் மலையிலிருந்து இறங்கிய பனி ரப்பர் மரங்களுக்கிடையே தேங்கி நின்றது. அதற்குள்ளிருந்து மக்கிய இலையின் வாடையும், புதுப்பாலின் வாடையும், இன்னதென்று சொல்ல முடியாத வேறொரு வாடையும் வந்தன.

நெஞ்சு படபடத்தது.

அது அவளுக்குப் புதிதல்ல. புருஷன் ராமையா காய்ச்சலில் போய்ச் சேர்ந்த எட்டு மாதமாக, காரணமே இல்லாமல் இப்படி அடித்துக்கொள்ளும். வாளி உருண்டால் போதும், கை விறைத்துவிடும். இரண்டு முறை எல்லாவற்றையும் போட்டுவிட்டு லயத்து வீட்டுக்கு ஓடியிருக்கிறாள். மூன்றாம் முறை ஓடினால் வேலையிலிருந்து பேரை அடித்துவிடுவதாகக் கங்காணி மாயாண்டி சொல்லிவிட்டார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. “பாப்பாவத் தூக்கிக்கிட்டு எங்க போவே? யோசிச்சுக்க.”

அன்று இரவு முழுக்க யோசித்துத் தானாகவே ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். பாதம் இரண்டையும் மண்ணில் அழுத்த வேண்டும். மூச்சை மெல்ல விட வேண்டும். கை செய்வதை வாயால் சொல்ல வேண்டும். உளி. பட்டை. கோடு. ஒரு மாதமாக அதை வைத்துத்தான் வேலை ஓடியது.

இரண்டாவது மரத்திலும் பால் சொட்டியது. மூன்றாவதிலும். பத்தாவது மரத்தைத் தாண்டியபோது, முன்னால் பனிக்குள் உளி பட்டையைச் சீவும் சத்தம் கேட்டது. சர்... சர்... அவசரமில்லாத சத்தம்.

பக்கத்து நிரையில் முத்தம்மா வெட்டிக்கொண்டு வந்தாள். ராக்காயி குரலை அடக்கிக் கேட்டாள்.

“அக்கா, என் நிரையில யாரு வெட்டுறா?”

முத்தம்மா நிமிர்ந்தாள். பின்னால் நிற்கும் ராக்காயியைப் பார்த்தாள். முன்னால் பனியைப் பார்த்தாள்.

“நீதானே அங்க வெட்டிக்கிட்டுப் போனே. இப்பத்தானே பாத்தேன்.”

வாளியைப் போட்டுவிட்டு முத்தம்மா ஓடினாள்.

ராக்காயியின் கால்களும் திரும்பின. லயத்து அறை கண்முன் வந்தது. பிள்ளைக் கொட்டகையில் ஏணையில் கிடக்கும் பாப்பா வந்தாள். அவள் பாதங்களை மண்ணில் அழுத்தினாள்.

உளி. பட்டை. கோடு.

நடந்தாள். வாடை கூடியது. சத்தம் நெருங்கியது. ஒரு மரம். இன்னொரு மரம்.

அங்கே நின்றது.

அவள் உயரம். அவளுடையதைப் போலவே தலையில் முக்காட்டுத் துணி. முதுகைக் காட்டி நின்றது. கையில் உளி இல்லை. நகத்தால் சீவிக்கொண்டிருந்தது.

“இது என் நிரை,” என்றாள் ராக்காயி. குரல் நடுங்கியது. நடுங்கட்டும் என்று விட்டுவிட்டாள். “எனக்குப் பிள்ள இருக்கு. நான் ஓட மாட்டேன்.”

சீவல் நின்றது. அது திரும்பியது.

முகம் இருக்க வேண்டிய இடத்தில் பட்டை. நெற்றியிலிருந்து தாடைவரை சாய்வாக ஒரு புதுக்கோடு. கோட்டில் பால்.

அவள் மூச்சை மெல்ல விட்டாள். மறுபடி விட்டாள். படபடப்பு அடங்கியது. கை விறைப்பு போனது.

அது போகவில்லை.

அவள் நிரையில் சொட்டும் பால் அவள் வாளிக்குத்தான். ராக்காயி மரத்திலிருந்து மங்கைக் கழற்றினாள். இரண்டடி முன்னால் போய், அதன் தாடைக்குக் கீழே பிடித்தாள். முதல் சொட்டு விழுந்தது. சூடாக இருந்தது. கண்ணில்லாத அந்த முகம் அவளை நோக்கிக் குனிந்தது.

கையை அவள் இழுத்துக்கொள்ளவில்லை. மங்கு நிறைந்ததும் வாளியில் கவிழ்த்தாள். மறுபடி பிடித்தாள்.