காய்ச்சல் வார்டுக் குறிப்புகள்

மத்தியான வெயிலில், அளவு டேப்பும் நோட்டுமாக அந்த நாவலாசிரியை பழைய ஆஸ்பத்திரிக்கு வந்து இறங்கினாள். அறுபது வருடத்துக்கு முன் தீப்பிடித்த காய்ச்சல் வார்டைத்தான், கண்ணுகளா, அவள் நாவலாக எழுதியிருந்தாள். நீளம் எத்தனை அடி, ஜன்னல் எத்தனை, எல்லாம் அச்சு அசலாக இருக்க வேண்டும் அவளுக்கு.

காவலாளி கதவைத் திறந்துவிட்டார்.

"நர்ஸ் வெளியில பூட்டிட்டு ஓடிட்டதா எழுதியிருக்கேன்ணே."

"அய்யய்ய. பூட்டினது பெரிய டாக்டரும்மா, நோய் பரவிடும்னு. நர்சம்மா உள்ளேயே கருகிப் போச்சு. விசாரணையில பழியை அது தலையில கட்டிட்டாங்க."

"தெரியும்ணே, படிச்சேன். ஆனா கதைக்கு ஒரு கெட்டவ வேணுமே. செத்தவ வந்து கேஸா போடப்போறா?"

காவலாளி சிரிக்கவில்லை.

உள்ளே பினாயில் வாசம். வருடக்கணக்காகப் பூட்டிக் கிடந்த தரையை யார் கழுவியிருப்பார்கள்? டேப்பின் நுனியைக் கதவு நிலையில் மாட்டிவிட்டு எதிர்ச்சுவர்வரை நடந்தாள். நாற்பத்திரண்டு அடி. குனிந்து எழுதும்போது நுனி கழன்ற சத்தம் கேட்டது.

டேப் தொய்யவில்லை.

இடுப்பு உயரத்தில் விறைப்பாக நின்றது, மறுமுனையை யாரோ பிடித்து உதவுவதுபோல.

பினாயில் மறைந்து புகை நாறியது.

"மாத்தி எழுது," என்றது காதோரம் ஒரு குரல்.

"மாத்திடறேம்மா. சத்தியமா."

டேப் தரையில் விழுந்தது. அவள் விழுந்தடித்து ஓடினாள்.

இரண்டு நாள் காய்ச்சல். மூன்றாம் நாள் பயம் தெளிந்தது. பயம் தெளிந்தால் மனுஷருக்குச் சத்தியமும் மறந்துபோகிறது, என்ன செய்ய? நர்ஸைப் பற்றி ஒரு வரிகூட மாற்றாமல் நாவலைக் கம்ப்யூட்டரிலிருந்து பதிப்பாளருக்கு அனுப்பிவிட்டாள்.

மறுவாரம் காலையில் அவர் போன் செய்தார்.

"கடைசி அத்தியாயம் குலைநடுங்க வைக்குது மேடம். அந்த இருபத்தொன்னு."

"இருபதுதானே சார் எழுதினேன்?"

"விளையாடாதீங்க. நர்ஸைப் பத்திப் பொய் எழுதின எழுத்தாளி. அவ வீட்டுக்கே நர்ஸ் வந்துடறா."

"எப்படி முடியுது?"

"எழுத்தாளி போன்ல பேசிட்டிருக்கா. முதுகுக்குப் பின்னால நர்ஸ். அதோட நிறுத்திட்டீங்க."

அவள் திரும்பவில்லை.

"இருங்க மேடம். ஸ்க்ரீன்ல இன்னொரு வரி வருது. 'அவள் திரும்பவில்லை.'"



அதற்கடுத்த வரியைப் பதிப்பாளர் வாசித்துக் காட்டவில்லை.

"மேடம்," என்றார், கிசுகிசுப்பாக. "ஓடுங்க."