மீன்பெட்டி மூடி

பள்ளிக் கண்காட்சிக்காக அம்மாவைப் படம் எடுக்க வகுப்புக்கே ஒரே கேமரா, ஒரே பிலிம் சுருள். ஆனால், செங்கொடி எடுத்த படத்தில் அவள் அம்மா ஓவியம் போல இருந்தார். ரேகா எடுத்த படத்தில் அவள் அம்மா கன்னியம்மா, மைதா மாவில் புரட்டிய வவ்வால் மீன் போல இருந்தார். அது எப்படி?

"இந்த மூஞ்ச இஸ்கூல் சுவத்துல ஒட்டுனா, நான் கண்காட்சிக்கே வரமாட்டேன்!" என்றார் கன்னியம்மா.

ஆளுக்கு இன்னும் ஒரு படம்தான் எடுக்கலாம் என்று டீச்சர் சொல்லிவிட்டார். வகுப்போ செங்கொடியையே புகழ்ந்தது. ரேகாவுக்கு வயிறு எரிந்தது. 'ஏதோ தந்திரம் செய்திருக்கிறாள்!' கண்டுபிடிக்க எர்ணாவூரில் செங்கொடியின் வீட்டுக்கே போய்விட்டாள்.

"இன்னாடி மந்திரம் போட்ட?"

செங்கொடி சிரித்தாள். "எங்க வூட்ல ஜன்னலே இல்ல. அம்மாவ வாசப்படி ஓரமா குந்த வச்சேன். பிளாஷ் போடல. ஜூலியா மார்கரெட் கேமரூன்னு போட்டோ எடுக்குறவங்க ஒருத்தங்க இருந்தாங்க. கல்கத்தாவுல பொறந்தவங்க. கேமரா புதுசா வந்த காலத்துல, இங்கிலாந்துல கோழிக் கொட்டாய ஸ்டூடியோ ஆக்கி, மூஞ்சிக்குக் கிட்டப் போயி எடுத்தாங்களாம். லைப்ரரி புக்ல கீது, அதப் பாத்துக் கத்துகினேன்."

"கோழிங்கள இன்னா பண்ணாங்க?"

"தொறந்து வுட்டுட்டாங்களாம்!"

பிளாஷ் போட்டு எடுத்திருந்த ரேகாவுக்குப் புரிந்தது. பிளாஷ் நேர் எதிரிலிருந்து அடிக்கும். மூக்குக்கும் கன்னத்துக்கும் நிழலே விழாது. முகம் பலகை போலத் தட்டையாகிவிடும். வெளிச்சம் பக்கவாட்டில் வந்தால்தான் மேடும் பள்ளமும் தெரியும்.

"ஆனா பாரு, அம்மாவோட மச்சம் தெரியல" என்றாள் செங்கொடி. படத்தில் ஒரு கன்னம் இருட்டில் காணாமல் போயிருந்தது.

ரேகாவுக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்றிருந்தது. அதற்கு அவளுக்கு ஒரு வழி தெரியும். கன்னியம்மா கடற்கரையில் மீன் விற்க மீன்பெட்டியைத் திறந்தால், வெள்ளைத் தெர்மாகோல் மூடியில் வெயில் பட்டு அவர் முகமெல்லாம் பளிச்சென்று ஆகிவிடும்.

'சொல்லாவிட்டால் என் படம்தான் முதல்!'

விடைபெற்றுப் பேருந்து நிறுத்தம் வரை போய்விட்டாள். ஆனால், கேட்டதும் செங்கொடி எல்லாவற்றையும் சொல்லிவிட்டாளே! ரேகா திரும்பி ஓடினாள்.

"ஏய்! நாளைக்கு எங்கம்மாவோட மீன்பெட்டி மூடிய எத்துனு வரேன். மச்சம் தெரியும்!"

மறுநாள் செங்கொடி மூக்கைப் பிடித்துக்கொண்டாள். "நாறுதுடி!"

"போட்டோல நாறாது, புடி!"

கண்காட்சியன்று கன்னியம்மா தன் புதுப் படத்தை விட்டு நகரவே இல்லை. பக்கத்துப் படத்தில் செங்கொடி அம்மாவின் மச்சம் தெளிவாகத் தெரிந்தது.

"எப்டிம்மா எடுத்தீங்க?" என்று யாரோ கேட்டார்கள். இருவரும் சேர்ந்து சொன்னார்கள்:

"பிளாஷ் வேணாம். ஒரு கன்னம் வாசப்பக்கம். மறு கன்னத்துக்கு எதிர்ல வெள்ள மூடி. அவ்ளோதான்!"