சாவியை எடுத்த பிறகும்

"உன் கம்ப்யூட்டர் பெட்டிக்கு என்னடா தெரியும்? கார்புரேட்டர் மனுஷங்க கூடப் பேசும்" என்றான் அண்ணன்.

"பேசும், இருமும், பெட்ரோலைக் குடிச்சிட்டு உளறும். உன் மாமனார் மாதிரியே" என்றான் தம்பி.

அண்ணன் சிரித்தான். பிறகு, தன் பழைய காரின் பானட்டுக்குள் குனிந்தபடியே சொன்னான்: "சரி, வந்து கொஞ்ச நேரம் ஆக்சிலரேட்டரை மிதிச்சுப் பிடி. திருகைச் சரி பண்ணிடறேன். தனியா முடியலடா."

"இதோ வர்றேன்."

அவர்கள் கடைசியாகப் பேசியது அதுதான். தம்பி உதவப் போகவில்லை.

ஒரு வருடத்துக்கு முந்தைய அந்தப் பேச்சு இந்த மதியத்தில் நினைவுக்கு வரக் காரணம், லேப்டாப் திரையில் இருந்த ஓர் எண். அண்ணனின் காரில் கார்புரேட்டர் இருந்த இடத்தில், கம்ப்யூட்டர் சொல்லும் அளவுக்குப் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்கள் உட்கார்ந்துவிட்டன. ஒயர்கள் நாடா சுற்றி ஒழுங்காகப் படுத்திருந்தன. சாவியைத் திருப்பியதும் டேங்குக்குள் புது பம்ப் லேசாக முனகி, அழுத்தம் ஏறியதும் நின்றது. ஆக்சிலரேட்டர் எவ்வளவு மிதிபடுகிறது என்று காட்டும் எண் பூஜ்யத்தில் இருந்தது. இருக்க வேண்டியதும் அப்படித்தான். காரில் யாரும் இல்லை.

எண் ஏறியது. இறங்கியது. மறுபடி ஏறி, மறுபடி இறங்கியது.

சென்சாரில் ஏதோ லூஸ் காண்டாக்ட் என்று அவன் தனக்கே சொல்லிக்கொண்டான். இன்ஜின்களுக்குக் கம்ப்யூட்டர் பொருத்துவதுதான் அவன் பிழைப்பு. இதைவிட விசித்திரமான கோளாறுகளைப் பார்த்தவன். பிளக்கைக் கழற்றி, ஊதி, மறுபடி மாட்டினான். ஷெட்டின் தகரக் கூரை வெயிலில் சடசடத்தது. சூடான ரப்பர் மணத்தையும் புது பெயிண்ட் மணத்தையும் தாண்டி மெல்லியதாய் இன்னொரு வாசனை, பாதி எரிந்த பெட்ரோலின் கண்ணைக் கரிக்கும் வாசனை, எங்கிருந்தோ எழுந்து மூக்கைத் தொட்டு மறைந்தது. இன்ஜினோ இன்னும் ஒருமுறைகூட ஓடவில்லை.

இந்த முறை அவன் திரையைப் பார்க்கவில்லை. இன்ஜினையே பார்த்தான். காற்று போகும் வாயில் இருந்த பித்தளைத் தகடு திறந்தது, மூடியது. திறந்தது, மூடியது. அதை இழுக்கும் கேபிள் விறைத்துத் தளர்ந்தது. கேபிளின் மறுமுனையில் மிதி. சென்சார் பொய் சொல்லலாம். கேபிள் சொல்லாது.

ஸ்டார்ட் செய்யுமுன் ரெண்டு மிதி. கார்புரேட்டர் காலத்துப் பழக்கம். இந்தப் புது இன்ஜினுக்கு அது தேவையே இல்லை என்று அண்ணனுக்கு யாரும் சொல்லியிருக்க முடியாது.

அன்று, அண்ணன் கூப்பிட்ட கொஞ்ச நேரத்தில், புகை ஜன்னல் வழியாகத் தம்பியின் குழந்தை தூங்கிக்கொண்டிருந்த அறைக்குள் வந்தது. அவன் எரிச்சலோடு வந்து ஷெட்டின் ஷட்டரை முழுக்க இறக்கினான். அண்ணன் தலையை நிமிர்த்தாமல், சரி என்பதுபோல் கையை மட்டும் ஆட்டினான். ஷெட்டின் பின்கதவு திறந்திருக்கும் என்று தம்பி நினைத்தான். திறந்திருக்கவில்லை. போன் வந்தது. பேசினான். மறந்தான்.

பிறகு எல்லோரும் கேட்டபோது, அண்ணனேதான் ஷட்டரை இறக்கியிருக்க வேண்டும் என்று சொன்னான். உறவுக்காரர்கள் கார்புரேட்டரைச் சபித்தார்கள். அளவுக்கு மீறி பெட்ரோலைக் கக்கி ஆளைக் கொன்ற சனியன் என்றார்கள். அவனும் தலையாட்டினான். அதைக் கழற்றி எறிந்துவிட்டு உங்கள் கம்ப்யூட்டரையே வையுங்கள் என்று அண்ணி அவனிடமே வேலையைக் கொடுத்தாள். மாதக்கணக்காக, ஒவ்வொரு போல்ட்டோடும் சேர்த்து அந்தப் பொய்யையும் இறுக்கிக்கொண்டிருந்தான். அண்ணிக்கு உண்மை தெரிந்தால், தன் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு இந்த வீட்டைவிட்டுப் போய்விடுவாள். அதற்குப் பின் அவன் முகத்தில் விழிக்கமாட்டாள்.

"ஆயிடுச்சா தம்பி?"

அண்ணி வாசலில் நின்றிருந்தாள். தலைக்கு மேல் சுருண்டிருந்த ஷட்டரின் நிழல் அவள் முகத்தில் விழுந்திருந்தது.

ஆயிற்று என்று தலையசைத்தான். அந்த சீட்டில் அவன் உட்காருவதே இல்லை. ஜன்னல் வழியாகக் கையை மட்டும் விட்டுச் சாவியைத் திருகினான். இன்ஜின் ஒரே சுற்றில் பிடித்தது. இருமல் இல்லை, உதறல் இல்லை, துணி தைக்கும் மெஷின்போல் சீரான சத்தம். ஒரு நொடி அவனுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

சத்தம் ஏறியது. ஏறி, ஒரே அளவில் நின்றது.

யாரோ மிதித்துப் பிடித்தாற்போல்.

இப்போது வாசனை மறையவில்லை. அடர்ந்தது. தொண்டையில் இறங்கியது. சைலன்ஸரிலிருந்து கறுப்பாகப் புகை வந்து தரையோடு தவழ்ந்தது. அவன் மறுபடி ஜன்னலுக்குள் கையை விட்டான். சீட்டின் ரெக்ஸின் குழிந்திருந்தது. கீழே, மிதி பாதிவரை அழுந்தியிருந்தது. அவன் புறங்கையில் ஏதோ சில்லென்று உரசியது.

சாவியைப் பிடுங்கினான்.

திரை அணைந்தது. பம்ப் நின்றது. கார்புரேட்டர் வண்டியென்றால் சாவியை எடுத்த பிறகும் சூட்டில் கொஞ்ச நேரம் இருமிக்கொண்டு ஓடும். இதனால் முடியாது. மின்சாரம் இல்லையென்றால் ஒரு சொட்டுப் பெட்ரோல் இறங்காது.

ஓடியது.

சாவி அவன் கையில். இன்ஜின் ஓடியது.

"அண்ணி, வெளியே போங்க."

அண்ணி போகவில்லை. அவள் முகத்தில் பயம் இல்லை. காரைப் பார்த்தாள், டிரைவர் சீட்டை, வேலைக்குப் போய்த் திரும்பிய ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். பிறகு அவனை.

"அன்னைக்கு நான் சமையல்கட்டுலதான் இருந்தேன் தம்பி. ஷட்டர் சத்தம் கேட்டுச்சு. அப்புறம் நீங்க போன்ல பேசிட்டே ஜன்னலைத் தாண்டிப் போனீங்க."

புகை முழங்கால்வரை வந்திருந்தது.

அண்ணி வெளியே ஓர் அடி எடுத்து வைத்தாள். கையை உயர்த்தி ஷட்டரின் கைப்பிடியைப் பற்றினாள். பின்னால் கார்க்கதவு தானாகத் திறக்கும் சத்தம் கேட்டது. டிரைவர் பக்கம் இல்லை. பக்கத்து சீட்.

"இத்தனை நாளா உங்ககிட்டக் கேக்கணும்னு இருந்தேன்" என்றாள், மிகவும் கனிவாக. "அவர் கூடக் கொஞ்ச நேரம் உக்காருங்க தம்பி. அவருக்குத் தனியா முடியல."