ஒரு நிமிட மௌனம்

உலக மக்களுக்கு ஒரு மாபெரும் அறிவிப்பு: அமெரிக்காவில் இனி குற்றமே நடக்காது. அதை ஒழிக்கப் பத்தொன்பது நிமிடப் பேசும்படம் ஒன்று ஹாலிவுட்டில் தயாராகிறது.

படத்தில் மேசையைக் குத்தி 'இனி குற்றமே நடக்காது' என்று முழங்கியவர் நிஜப் போலீஸ் கமிஷனர் அல்ல. கமிஷனர் வேடம் போட்ட நடிகர். மேசையும் வாடகை.

இடம் மட்டும் அசல். மேபல் ஸ்ட்ராட் கழுத்து நெரிபட்டுச் செத்த அதே சமையலறை. அந்தக் கொலைக்காக அவள் கணவன் கிளெமுக்கு வெள்ளிக்கிழமை தூக்கு; படத்தின் முடிவும் அதுவே.

ஒலிப்பதிவாளன் ஆர்வில் ஹாஸ்கெட் நுழைந்ததுமே மூக்கைப் பொத்திக்கொண்டான். பாத்திரத் தொட்டியின் துவாரத்திலிருந்து அழுகிய கொழுப்பின் வாடை. நடிகர்கள் கத்தி ஓய்ந்தபின், வசனங்களுக்கு நடுவே ஒட்டுவதற்காக, வழக்கம்போல அறையின் மௌனத்தை ஒரு நிமிடம் பதிவு செய்தார்கள். யாரும் அசையவில்லை.

அவன் காதில் மாட்டிய ஒலிக்கருவியில், சளி கட்டிய ஒரு பெண்ணின் தொண்டை எதையோ விழுங்கியது.

மிக அருகில்.

"கிளெம் இல்ல... வேற ஆளு..."

மறுநாள் தயாரிப்பாளர் பிரெண்டிஸ் சாண்ட்விச் மென்றபடி அதைக் கேட்டார். அவர் முகவாயில் முட்டையின் மஞ்சள் கரு வழிந்தது.

"குரல் நல்லாத்தான் இருக்கு. கதைக்குத்தான் ஒத்து வரல."

"சார், வக்கீல்கிட்ட குடுத்தா அந்த ஆளு பொழைச்சுக்குவான்."

"அவன் பொழைச்சா என் படத்துக்கு முடிவு ஏதுய்யா? மையப் பூசு. இல்லன்னா பழையபடி ரேடியோ ரிப்பேருக்கே போ ராசா. வெளிய வேலைக்கு நிக்கிற கூட்டத்தப் பாத்தேல்ல?"

ஒலி என்பது ஃபிலிம் ஓரத்தில் ஒரு மெல்லிய கோடு. கறுப்பு மை பூசினால் மௌனம். ஆர்வில் பூசினான். பிறகு தூரிகையைக் கழுவி வைத்தான்.

வெள்ளிக்கிழமை கிளெமைத் தொங்கவிட்டார்கள். வசந்தத்தில் படத்துக்குப் பரிசு கிடைத்தது. ஸ்டூடியோவில் மதிய விருந்து வைத்துப் படத்தை மறுபடி ஓட்டினார்கள்.

மை பூசிய இடம் வந்தது.

இரண்டு மூச்சுகள்.

ஒன்று சளி கட்டியது. மற்றது, நசுங்கிய குழாயில் காற்று நுழைவதுபோல.

"ஆர்வில்..." என்றது ஆண் குரல்.

கிளெம் அவனைப் பார்த்ததே இல்லை.

கரண்டிகள் நின்றன. ஆர்விலின் நாக்கில் அழுகிய கொழுப்பு படிந்தது.

பிரெண்டிஸ் தொடையில் தட்டிச் சிரித்தார். "யோவ், உன் பேர நீயே உள்ள சொருகிட்டியா? சரியான விளம்பரப் பிரியன்யா நீ!"

எல்லோரும் கைதட்டினார்கள்.

பிறகு ஐஸ்கிரீம் வந்தது. ஆர்விலும் சாப்பிட்டான்.