இறங்காத பிரேக்

பீட்டர் ஓட்டினால் பிரேக் பிடிக்கிறது. தங்கமுத்து ஓட்டினால் பிடிக்கவில்லை.

கந்தர்வக்கோட்டையை அடுத்த முந்திரித் தோப்பில், தகரக் கொட்டகைக்குள் நின்ற அந்தப் பழைய கறுப்பு காரைப் பார்த்தபடி மெக்கானிக் பீட்டர் தலையைச் சொறிந்தான். விடிந்தால் தங்கமுத்துவின் மகள் செங்கமலத்துக்கு விராலிமலையில் கல்யாணம். அப்பாவும் மகளும் இந்தக் காரில்தான் போய் இறங்க வேண்டும் என்பது அவர் பிடிவாதம்.

“ஒங் கால் என்ன தங்கக் காலா? நான் மிதிச்சா மட்டும் கல்லு மாதிரி நிக்கிது!”

“ஒவ்வொண்ணாப் பாத்துருவோம்ங்கய்யா.”

பீட்டருக்கு விளக்கிச் சொல்வதில் தனி ஆசை. காலால் அழுத்தும் மிதிக்கும் சக்கரத்து பிரேக்குக்கும் நடுவே தட்டையான ஒரு தகர டப்பா உண்டு, பூஸ்டர். அதற்குள் ஒரு ரப்பர்த் திரை. திரையின் இரு பக்கத்துக் காற்றையும் எஞ்சின் ஒரு குழாய் வழியாக உறிஞ்சிவிடும். மிதித்ததும் பின்பக்கம் மட்டும் வெளிக்காற்று புகுந்து திரையைத் தள்ளும். காலின் பலம் பல மடங்காகும். காற்று எங்காவது கசிந்தால் அந்த உதவி நின்று மிதி இறுகும். சோதிப்பது சுலபம். எஞ்சினை அணைத்து ஐந்தாறு முறை மிதித்து, மிதி இறுகியதும் காலை எடுக்காமல் எஞ்சினை ஓடவிட வேண்டும். மிதி தானாகச் சற்று இறங்கினால் பூஸ்டர் நலம்.

இறங்கியது. குழாயிலும் விரிசல் இல்லை.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது அவன் வழக்கம். பூஸ்டரில் மாற்ற எதுவும் இல்லாததால் ஆளை மாற்றினான். செங்கமலம் தனியாக ஓட்டினாள். பிரேக் பிடித்தது.

“பாத்தியாப்பா? ஒனக்குத்தான் கால்ல வலு இல்ல,” என்று சிரித்தாள்.

அடுத்து, தங்கமுத்துவைப் பின்சீட்டில் உட்கார வைத்துப் பீட்டர் ஓட்டினான்.

மழை மேகம் கவிந்து தோப்பு இருண்டிருந்தது. குளத்தை நோக்கிச் சரிந்த மண்பாதையில் கார் ஊர்ந்தது. திடீரென்று பிரேக் லைனிங் தீயும் நாற்றம். அவன் இன்னும் மிதிக்கவே இல்லை.

மிதித்தான்.

கல்.

பூஸ்டர் கெட்டால்கூட முழு பலத்துக்குக் கொஞ்சமாவது இறங்க வேண்டும். இது மயிரிழைகூட அசையவில்லை. குளம் நெருங்கியது. பீட்டர் குனிந்து பார்த்தான்.

மிதிக்கு அடியில் ஒரு வெறுங்கால் இருந்தது.

தரையிலிருந்து முளைத்ததுபோல் நின்று, உள்ளங்காலால் மிதியை மேல்நோக்கித் தள்ளிக்கொண்டிருந்தது.

ஹேண்ட் பிரேக்கை இழுத்தான். தண்ணீருக்கு நான்கடி முன்னால் கார் நின்றது. இருவரும் வெளியே விழுந்தார்கள். செங்கமலம் ஓடிவந்தாள்.

“காலு...” பீட்டருக்கு மூச்சு வாங்கியது. “சுண்டு விரல் இல்லாத காலு.”

தங்கமுத்துவின் முகம் வெளுத்தது.

“ராக்கன்...”

“நம்ம டிரைவரா?” என்றாள் செங்கமலம். “இந்த வண்டியில செத்தாரே, அவரா?”

“பிரேக்கு பிடிக்கலன்னு ரெண்டு நாளாச் சொன்னான். நான்தான் சும்மா ஓட்டுடான்னேன். அப்பறம் போலீசு கேட்டப்ப... குடிச்சிருந்தான்னு சொல்லிட்டேன்.”

“அவரு குடிக்கவே மாட்டாரேப்பா.”

பீட்டர் பயத்தோடு முன்கதவுப் பக்கம் குனிந்து, உள்ளங்கையால் மிதியை அழுத்தினான். எதிர்ப்பே இல்லாமல் இறங்கியது. கால் எதுவும் இல்லை.

“பாத்தியா! எல்லாம் மனப்பிராந்தி,” என்று தங்கமுத்து வீம்பாகப் பின்கதவைப் பிடித்தார்.

பீட்டர் அழுத்திக்கொண்டிருந்த கையை மிதி மெல்ல மேலே தூக்கியது.

“கதவுலேருந்து கைய எடுங்கய்யா!”

எடுத்தார். மிதி இறங்கியது.

பீட்டர் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டான். செங்கமலத்திடம் மட்டும் தாழ்ந்த குரலில் சொன்னான்:

“தங்கச்சி, வண்டியில குறை ஒண்ணுமில்ல. ஒங்கப்பா ஏறாம இருந்தா பிரேக்கு பிடிக்கும்.”