கொப் கணவாயில் கள்ளப்பனி

கொப் கணவாயின் உச்சியில் இருந்த தேநீர்க் கடை முன்னால் குலிசார் வேனை நிறுத்தியபோது வெயில் நன்றாக ஏறியிருந்தது. பின்னால் எர்சுரும் நகரச் சந்தைக்குப் போக வேண்டிய பாலாடைக்கட்டித் தகரங்கள். பக்கத்து இருக்கையில் வலக்கையில் மாவுக்கட்டோடு கணவன் ஹிதிர். கிளம்பியதிலிருந்து அவள் வண்டி ஓட்டுவதில் அவன் குற்றம் சொல்லாத வளைவே இல்லை.

கடைக்காரர் நஸ்மி இரண்டு கண்ணாடிக் குவளைகளை அவர்கள் முன் வைத்தார்.

"இறக்கத்துல கள்ளப்பனி படிஞ்சிருக்கு, தங்கச்சி. பாத்தா ஈர ரோடு மாதிரிதான் இருக்கும், ஆனா அத்தனையும் வழுக்குற ஐஸு."

"தெரியும்ண்ணே. பிரேக்குல காலே வைக்க மாட்டேன்."

"பாறை வளைவுல ஒருத்தன் நின்னு கையைக் காட்டுவான். அப்பவும் வைக்காதே."

கன்னத்தில் அடக்கிய சர்க்கரைக் கட்டியோடு ஹிதிர் சிரித்தான். "யாரு, பனி உருக ரோட்டுல உப்பு தூவுற பெக்கிரா? அவன்தான் போன குளிர்காலம் லாரிக்கும் பாறைக்கும் நடுவுல மாட்டிச் செத்துட்டானே. இவருக்கு டீ விக்கணும்னா தினம் ஒரு கதை வேணும்."

நஸ்மி சிரிக்கவில்லை. "அந்த லாரிக்காரன் பிரேக் போட்டான். அதான் வழுக்கிச்சு" என்று மட்டும் சொன்னார்.

இறக்கம் தொடங்கிய சிறிது நேரத்தில் ஒரு நீலக் கார் அவர்களைத் தாண்டிப் போனது. "பாரு, அவன் ஓட்டுறான். நீ உருட்டுற" என்றான் ஹிதிர். குலிசார் கியரைக் குறைத்தாள். சாலை கறுப்பாக, துடைத்து வைத்ததுபோல மினுங்கியது. வலப்பக்கம் பள்ளத்தாக்கு, இடப்பக்கம் பாறைச் சுவர்.

திடீரென்று டயர்களின் இரைச்சல் நின்றுபோனது.

வண்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. சத்தம்தான் இல்லை. ஸ்டியரிங் அவள் கையில் பஞ்சுபோல லேசானது.

முன்னால் நீலக் காரின் பிரேக் விளக்குகள் சிவந்தன. அது பம்பரமாய்ச் சுழன்று பாறையில் மோதியது. தகரம் கிழியும் ஓசை மலையெங்கும் எதிரொலித்தது. கண்ணாடித் தூள் வெயிலில் சிதறியது.

அந்தத் தூளுக்கு நடுவே அவன் நின்றிருந்தான்.

ஆரஞ்சு நிறக் கோட்டு. உயர்த்திய ஒரு கை. மார்புக்குக் கீழே உடம்பு தட்டையாக, மிதிபட்ட தகரம்போல இருந்தது.

"பிரேக் போடுடி, ஆளு நிக்கிறான்."

"அது ஆளில்ல."

"கொலைகாரி ஆகப்போறியா?" ஹிதிர் இடக்கையால் கைப்பிரேக்கை இழுத்தான்.

வேனின் பின்பகுதி பள்ளத்தாக்கை நோக்கிச் சுழன்றது. தகரங்கள் சரிந்து உருண்டன. பக்கவாட்டு ஜன்னலில் சாலையே தெரியவில்லை, அடியாழம்தான் தெரிந்தது. குலிசார் முழங்கையை மடக்கி ஹிதிரின் முகத்தில் பலம் கொண்டமட்டும் இடித்தாள். மூக்கெலும்பு நொறுங்கியது அவள் எலும்பில் உறைத்தது. அவன் பிடி விட்டது. கைப்பிரேக்கைக் கீழே தள்ளி, ஸ்டியரிங்கை வழுக்கும் பக்கமே மெல்லத் திருப்பினாள். வேன் நிமிர்ந்தது.

நேராக ஆரஞ்சுக் கோட்டுக்காரன்மேல் ஏறியது.

அடி விழுந்தது. முன்கண்ணாடி விரிசல் விட்டது. ஒரு கன்னம் கண்ணாடியோடு ஒட்டி, தோல் உரிய மேலே இழுபட்டுப் போனது. கூரையில் உடல் உருண்டது. பிறகு பின்னால், தகரங்களுக்கு நடுவே, யாரோ தொப்பென்று உட்கார்ந்ததுபோல வேன் அமுங்கியது.

சரளைக் கற்கள் கொட்டிய ஓரத்தில் வண்டி நின்றது. குலிசார் கைப்பிரேக்கை இழுத்து, சாவியை உருவிக்கொண்டு இறங்கினாள். பின்கதவைத் திறந்து பார்த்தாள். சரிந்த தகரங்கள்தான் கிடந்தன. சாலையிலும் யாருமில்லை, ஒரு சொட்டு ரத்தம்கூட இல்லை. கண்ணாடியில் விரிசல் மட்டும் இருந்தது.

"நான் பாத்தேன்" என்றான் ஹிதிர், மூக்கைப் பொத்திக்கொண்டு. "நானும் பாத்தேன், குலிசார்."

"அப்புறம் பேசலாம். கார்ல இருக்கிறவரைப் பாரு."

இருவரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு, வழுக்கி வழுக்கி மேலே ஏறினார்கள். நீலக் காருக்குள் இருந்தவரின் மார்பில் ஸ்டியரிங் புதைந்திருந்தது. வாயில் ரத்தம் நுரைத்தது. குலிசார் அவர் கையைப் பற்றினாள்.

"பேசாதீங்க. ஆம்புலன்ஸைக் கூப்பிடுறோம்."

"நான் பிரேக் போடல" என்றார் அவர். "இந்த ரோட்டுல இருபது வருஷமா ஓட்டுறேன், போடுவேனா? நேத்தும் அவன் நின்னான். அவன் மேலயே ஏத்திட்டுப் போயிட்டேன். இன்னைக்கு வண்டிக்குள்ள... என் கால்மேல ஒரு கால் வச்சு, பிரேக்கை..."

கை அவள் கைக்குள் தளர்ந்தது.

ஹிதிர்தான் முதலில் திரும்பிப் பார்த்தான். அவன் தோளைப் பிடித்து இழுக்கவும் குலிசாரும் திரும்பினாள்.

கீழே அவர்களுடைய வேன் தனியாக நின்றது. சாவி அவள் உள்ளங்கையில் அழுந்திக்கொண்டிருந்தது.

ஆளில்லாத வேனின் பிரேக் விளக்குகள் எரிந்தன. அணைந்தன.

மறுபடி எரிந்தன.