முதல் பருவத்துச் சிமிழ்

விண்கலத்தின் கதவு பாதி திறந்து சிக்கிக்கொண்டது. எங்கிருந்தோ ஒரு கை நீண்டு அதைப் பிடித்து இழுத்துவிட்டது. சுவர்த்திரையைப் பார்த்துக்கொண்டிருந்த பிரணேஷ் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். பக்கத்தில் இருந்த சம்யுக்தா ஒலியைக் கூட்டிவைத்தாள். மனித இனம் முதன்முறையாகச் சூரிய மண்டலத்தின் எல்லையைத் தாண்டிப்போகும் கட்டம் அது. சிரிக்கிற இடமே இல்லை.

"ஏன் சம்யு, நெசமாலுமே இதையா நான் வருஷா வருஷம் உக்காந்து பாத்தேன்?"

"கொஞ்சம் பொறு. போகப் போக நல்லா இருக்கும்."

"நேத்தும் இதையேதான் சொன்ன."

'தூரத்துக் கலம்' தொடரின் ரசிகர்கள் எல்லோருக்கும் இந்தச் சங்கடம் உண்டு. மூன்றாம் பருவத்தைப் பார்த்துவிட்டு விஞ்ஞானிகளே எழுந்து நின்று கைதட்டினார்கள். இரண்டாம் பருவம் அதற்கும் ஒரு படி மேல். முதல் பருவம் மட்டும், எப்படிச் சொல்வது, முதல் பருவம்! இயக்குநர் குடும்பத் தொடர்களில் பழகிய கை. விண்கல் வருகிறது என்று யாராவது சொன்னால் போதும், கலத்தில் இருக்கும் அத்தனை பேர் முகத்தையும் தனித்தனியாக, இடிமுழக்கத்தோடு காட்டுவார். நடுவில் கலத்தின் தலைவனாக நடித்தவருக்கு அம்மை போட்டுவிட்டது. அவருடைய சித்தப்பா மகன் தலைக்கவசத்தைக் கழற்றாமலேயே சில வாரங்களை ஓட்டினார். பார்க்கிறவர்கள் குறையக் குறைய, தலைவனின் மாமியாரைக் கலத்துக்குள் ஏற்றினார்கள். காற்றே இல்லாத வெளியில் அந்தம்மா எந்த வழியாக வந்து ஏறினார் என்பதை இன்றுவரை யாரும் விளக்கவில்லை.

இருந்தாலும் முதல் பருவத்தைத் தாண்டிக்கொண்டு இரண்டாம் பருவத்துக்குப் போகக் கூடாது என்பது ரசிகர்களுக்குள் எழுதப்படாத சட்டம். சம்யுக்தா அந்தச் சட்டத்தைக் காப்பாற்றுவதில் போலீசுக்கு மேல்.

எல்லாம் அந்த நினைவிறக்கியால் வந்த வினை. "இதை மறுபடி முதல் தடவையா பாக்க முடிஞ்சா எப்படி இருக்கும்!" என்று ஏங்காத ரசிகன் உலகத்தில் உண்டா? அந்த ஏக்கத்தைக் காசாக்க ஊருக்கு ஊர் முதல்முறைக் கூடங்கள் முளைத்துவிட்டன. தலையில் ஒரு தொப்பியை மாட்டி, தொடரின் துண்டுகளை ஓட்டிக் காட்டுவார்கள். மூளையில் எந்தெந்த இழைகள் அதைக் கண்டு சிலிர்க்கின்றனவோ, அவற்றைக் கருவி மெல்ல உருவி, விரல் நீளச் சிமிழில் இருக்கும் உயிர்த்திரவத்துக்குள் இறக்கிவைக்கும். வலி கிடையாது. வீட்டுக்குப் போய்த் தொடரைப் புத்தம்புதிதாகப் பார்க்கலாம். பிறகு வந்து சிமிழைத் திரும்ப ஏற்றிக்கொண்டால் ஒருவருக்கு இரண்டு 'முதல் தடவை'. வேண்டாம் என்றால் கரைத்துவிடுவார்கள். திரவம் சில மாதங்களுக்கு மேல் உயிரோடு இருக்காது என்பதால் கெடு மட்டும் உண்டு.

தம்பதிகள் ஒருவர் மாற்றி ஒருவர் போவது வழக்கம். நினைவோடு இருப்பவருக்குக் 'காவல்' என்று பெயர். வாயைத் திறக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து, மற்றவர் வியப்பதைப் பார்த்து ரசிப்பதுதான் காவலின் வேலை. கல்யாண நாளுக்குப் பரிசாகப் பிரணேஷ் முதலில் போனான். தீபாவளி கழிந்ததும் சம்யுக்தா போவதாக ஏற்பாடு.

மூன்றாம் நாளே காவல் வாயைத் திறந்துவிட்டது.

"இந்த சீனுக்குத்தான் பேக்கரில எல்லாரும் எந்திரிச்சுக் கத்துனோம், ஞாபகம் இருக்கா?" என்று பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டாள்.

பிரணேஷ் திரும்பிப் பார்த்தான். "எந்த பேக்கரி?"

சம்யுக்தாவின் கையில் இருந்த டீ ஆறிப்போனது. பீளமேட்டில் கல்லூரிக்கு எதிரே இருந்த பேக்கரி. வெள்ளிக்கிழமை சாயந்திரம் புது அத்தியாயம் வரும். பேக்கரிக்காரர் அன்றைக்கு மட்டும் கிரிக்கெட்டை நிறுத்திவிட்டு இவர்களுக்காகத் தொடரைப் போடுவார். தேங்காய் பன்னும் டீயுமாக ஒரு கூட்டமே உட்கார்ந்திருக்கும். அவளும் அவனும் பழகியது, சண்டை போட்டது, அவன் திக்கித் திணறிக் கேட்டது, அவள் தலையாட்டியது எல்லாம் அந்த வெள்ளிக்கிழமைகளில்தான். கல்யாண வரவேற்பு மேடையையே கலத்தின் தளம் மாதிரி அமைத்தார்கள். அவளுடைய பெரியப்பா தலைவனின் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு கடைசிவரை எழவில்லை.

பெரியப்பாவைப் பிரணேஷுக்கு நினைவிருந்தது. காதல் கல்யாணம் என்பதும் நினைவிருந்தது. எங்கே, எப்படி என்பதுதான் இல்லை.

மறுநாள் கூடத்துக்குப் போய் நின்றாள். கருவியை இயக்கும் ரிஃபானா பொறுமையாக விளக்கினாள்.

"தொடரோட ஒட்டிட்டிருக்கற இழையும் சேந்து வந்துரும்ங்க மேடம். பயப்படாதீங்க, பத்திரமா சிமிழ்லதான் இருக்குது. ஏத்துனா எல்லாமே வந்துரும். ஆனா ஒண்ணுங்க. இப்ப அவருக்குத் தொடர் மேல என்ன எண்ணம் இருக்குதோ, அது பழைய நினைவு மேலயும் படிஞ்சுரும். பிடிச்சிருந்தா இன்னும் இனிக்கும். பிடிக்கலைன்னா..."

"பிடிக்கலைன்னா?"

"கொஞ்சம் கசந்துருமுங்க. போன வாரம் ஒருத்தர் ஏத்திட்டுப் போயி, பழைய கூட்டாளிகளையெல்லாம் பாத்தாலே எரிச்சலா இருக்குதுங்கறாருங்க."

ஆக, கெடு முடிவதற்குள் அவனுக்குத் தொடர் பிடித்தாக வேண்டும். இல்லையென்றால் அவளுடைய வெள்ளிக்கிழமைகள் கசந்துபோய்த் திரும்பும், அல்லது திரும்பவே திரும்பாது. அவனிடம் விஷயத்தைச் சொன்னால் பிடித்த மாதிரி நடிப்பான். நடிப்புக்குக் கருவி மசியாது. அவள் வாயைக் கட்டிக்கொண்டாள்.

அன்றிலிருந்து சம்யுக்தா செய்யாத வித்தை இல்லை. மாமியார் வரும் அத்தியாயத்தின்போது அவனுக்குப் பிடித்த கொள்ளுப் பருப்பு வைத்தாள். தலைக்கவசத்தோடு தலைவன் காதல் வசனம் பேசும்போது, "பாரு, முகமே தெரியாம எவ்வளவு உணர்ச்சி!" என்று கூசாமல் பொய் சொன்னாள். இடிமுழக்கம் வரும்போதெல்லாம், "இது குறியீடு" என்றாள்.

"எதுக்குக் குறியீடு?"

"அதை நீதான் கண்டுபிடிக்கணும்."

அவன் மறுப்பு சொல்லாமல் எல்லாவற்றையும் பார்த்தான். அதுதான் அவளை இன்னும் வதைத்தது. விருந்தாளி வீட்டில் உப்பில்லாத சாப்பாட்டைச் சாப்பிடுகிறவனைப் போல முகம் கோணாமல் உட்கார்ந்திருந்தான். இடையில் கொட்டாவி வந்தால் இருமலாக மாற்றினான். தன்னோடு இத்தனை வருஷம் வாழ்ந்தவன் தன்னிடமே மரியாதையாக நடந்துகொள்வது அவளுக்குத் தாங்கவில்லை.

முதல் பருவம் ஒருவழியாக முடிந்தபோது தெருவில் பட்டாசுச் சத்தம் கேட்கத் தொடங்கியிருந்தது. பிரணேஷ் சோம்பல் முறித்தான்.

"சம்யு, கோவிச்சுக்காத. கூடத்துக்குப் போன் பண்ணி அந்தச் சிமிழைக் கரைச்சுரச் சொல்லிட்டேன். இன்னைக்குச் சாயந்திரம் கரைச்சுருவாங்களாம். இதை ரசிச்ச பழைய பிரணேஷு சரியான ரசனை கெட்டவனா இருந்திருக்கான். அவன் எதுக்குத் திரும்பி வரணும்?"

சம்யுக்தா ஓவென்று அழுதுவிட்டாள். பேக்கரி, தேங்காய் பன், வெள்ளிக்கிழமை, கசப்பு எல்லாம் முன்னும் பின்னுமாகக் கொட்டியது. அவன் வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

"கிறுக்கியா நீ? இதை முதல்லயே சொல்றதுக்கென்ன?"

"சொன்னா நடிப்ப. நடிச்சா ஏறாது. இப்ப ஏத்துனா எல்லாம் கசந்துரும். பேக்கரியைப் பாத்தாலே உனக்கு எரிச்சல் வரும். என்னைப் பாத்தாலும்..."

"கசந்தாலும் என்னுதுதான?" அவன் செருப்பைத் தேடிக் காலை விட்டான். "வா, வண்டில ஏறு. சாயந்திரம் ஆகப்போவுது."

கூடத்தில் யாரும் போனை எடுக்கவில்லை. அவிநாசி சாலையில் தீபாவளிக் கூட்டம். தானோட்டி வண்டி ஒவ்வொரு துணிக்கடை முன்பும் மரியாதையாக நின்று வழிவிட்டது. சம்யுக்தா அதைத் திட்டாத திட்டில்லை. கூடத்துக்குள் ஓடிப்போய் நின்றபோது ரிஃபானா கரைப்புத் தட்டில் சிமிழ்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். பிரணேஷின் சிமிழ் அதில் இருந்தது. முழுசாக இருந்தது. சம்யுக்தா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அவனை உள்ளே அழைத்துப் போனார்கள். அவள் வெளியே காத்திருந்தாள். கசந்த முகத்தோடு அவன் வெளியே வந்தால் என்ன சொல்வது என்று யோசித்துப் பார்த்தாள். ஒன்றும் தோன்றவில்லை. கசந்தது கசந்ததுதான், புதிதாக ஏதாவது ஒரு கிழமையில் தொடங்க வேண்டியதுதான் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள். தேறவில்லை.

கதவு திறந்தது. பிரணேஷ் நெற்றியைத் தேய்த்தபடி வந்தான். அவளைப் பார்த்தான். முதலில் உதடு துடித்தது, பிறகு சிரிக்க ஆரம்பித்தான். சிரித்துச் சிரித்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டான்.

"என்னப்பா ஆச்சு? கசக்குதா?"

"கசக்கறதுக்கு அதுல தொடரே இல்ல சம்யு!"

"என்ன உளர்ற?"

"முதல் பருவம் அன்னைக்கும் எனக்குப் பிடிக்கல. ஒரு நாள்கூடப் பிடிக்கல. முதல் வெள்ளிக்கிழமை பப்ஸ் வாங்கத்தான் வந்தேன். நீ முன் பெஞ்சுல உக்காந்து அந்த அட்டைக் கலத்தைப் பாத்து அழுதுட்டிருந்த. யார்றா இதுக்கெல்லாம் அழறதுன்னு கேக் கண்ணாடிப் பொட்டி பக்கத்துல நின்னு பாத்தேன். அடுத்த வாரமும் அங்கதான் நின்னேன். அந்தப் பருவம் பூரா நான் திரையைப் பாக்கவே இல்ல. சிமிழ் முழுக்க உன்ற மூஞ்சிதான் இருக்குது. இடி இடிக்கறப்பல்லாம் உன்ற மூஞ்சி."

அவன் கண்ணில் நீர் வந்திருந்தது. சிரித்ததாலா என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. இத்தனை வாரமாக நெஞ்சில் கிடந்த பாறாங்கல்லை யாரோ தூக்கிப்போட்டார்கள். அப்பாடா என்றிருந்தது. அதன் பின்னாலேயே ஒரு குற்ற உணர்வும் வந்தது.

"நான் உன்னைப் பாக்கலியேப்பா. நான் நெசமாலுமே திரையைத்தான் பாத்தேன். என்ற சிமிழை எடுத்தா அதுல கலம்தான் இருக்கும், நீ இருக்கமாட்ட."

"எனக்குத் தெரியாதா? நீ திரையை விட்டுக் கண்ணை எடுக்காததுனாலதான நான் அவ்வளவு நேரம் உன்னைப் பாக்க முடிஞ்சுது? நீ திரும்பியிருந்தா நான் ஓடிப்போயிருப்பேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டான். "இன்னொண்ணும் சொல்றேன். இரண்டாம் பருவம் மாதிரி முதல்லயே எடுத்திருந்தாங்கன்னு வெச்சுக்க, நானும் திரையைத்தான் பாத்துட்டு, பப்ஸைத் தின்னுட்டு வீட்டுக்குப் போயிருப்பேன். நல்லவேளை, அது நல்லா வர்றதுக்குள்ள நீ சரின்னுட்ட."

சம்யுக்தா அவன் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். மனசு அவ்வளவு லேசாக இருந்தது.

ரிஃபானா கருத்துக் கேட்கும் பலகையோடு வந்தாள். "முதல் பருவம் எப்படி இருந்துச்சுங்க சார்? எல்லாருமே குறைதான் சொல்றாங்க. பாதிப் பேரு நடுவுலயே விட்டுட்டு, இதையா ரசிச்சோம்னு சிமிழைக் கரைச்சுட்டுப் போயிர்றாங்க. உள்ள என்ன இருந்துச்சுன்னு அவங்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாதுங்க."

இருவரும் கரைப்புத் தட்டில் மிச்சமிருந்த சிமிழ்களைப் பார்த்தார்கள்.

"ஆனா இனி அந்தக் கவலை இல்லீங்க," என்று அவள் உற்சாகமாகத் தொடர்ந்தாள். "தொடர்க்காரங்க செம்மையாக்கின்னு ஒரு கருவி வெச்சு முதல் பருவத்தையே புதுசா பண்ணிட்டாங்க. மாமியார் இல்ல, இடி இல்ல, கதவு சிக்காது. அடுத்த மாசம் வருது. பழசை எல்லா இடத்துல இருந்தும் எடுத்துர்றாங்களாம். நான் கொஞ்சம் பாத்தேன், ஒரு நொடி கண்ணை அக்கட்டால இக்கட்டால திருப்ப முடியலீங்க! எனக்கு இப்பத்தான் நிச்சயம் ஆயிருக்குதுங்க. அவரும் நானும் வாராவாரம் சேந்து உக்காந்து அதைத்தான் பாக்கப்போறோம்."

பிரணேஷ் ஏதோ சொல்ல வாயெடுத்தான். சம்யுக்தா முந்திக்கொண்டாள்.

"புதுசு இருக்கட்டும்மா. பழசை எடுக்கறதுக்கு முன்னாடி அதைப் பாத்துருங்க."

"பழசு நல்லா இருக்குமுங்களா மேடம்?"

இத்தனை வருஷத்தில் யார் கேட்டபோதும் 'போகப் போக நல்லா இருக்கும்' என்ற ஒரே பதிலைத்தான் அவள் சொல்லியிருக்கிறாள். இன்றைக்கு அது வாயில் வரவில்லை.

"சகிக்காது," என்றாள் சம்யுக்தா. "ரெண்டு பேருமா உக்காந்து கட்டாயம் பாருங்க."